‘மகிழ்’ என்னும் சொல்லின் பொருளும் வழக்கும்: புறநானூறு, திருக்குறள் வழி ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

‘மகிழ்ச்சி’ என்பது இன்று இன்ப உணர்வைப் பொதுவாகக் குறிக்கும் சொல். சங்கப் பாடல்களில் இதன் வேர்ச்சொல்லாகிய ‘மகிழ்’ பல இடங்களில் கள்ளுண்டலோடும் அதனால் வரும் கிளர்ச்சியோடும் பிணைந்து நிற்கிறது. இன்றைய பொருளைப் பழம்பாடல்மேல் ஏற்றி வாசிக்கும்போது புறநானூற்று 123ஆம் பாடலின் கருத்தே தலைகீழாகிவிடுகிறது. அவ்வாசிப்பை மறுத்து, கொடை, அரசவை, காமம் ஆகிய சூழல்களில் இச்சொல் பெறும் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது. கள்ளின் பழியை வள்ளுவர் ‘களி’ என்னும் சொல்லின்மேல் சுமத்தி, ‘மகிழ்’ என்பதைக் காட்சியோடு பிணைக்கிறார் என்பதும், அரசியலில் மட்டும் ‘மகிழ்ச்சி’ பழைய மயக்கப் பொருளை இழக்காமல் நிற்கிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மகிழ், மகிழ்ச்சி, உவகை, களி, நாள்மகிழ் இருக்கை, மகிழ்நன், பொச்சாவாமை, மெய்ப்பாடு.

முன்னுரை

தமிழர் அன்றாடப் பேச்சில் ‘மகிழ்ச்சி’ என்னும் சொல்லை மிகுதியாக வழங்குவதில்லை. வீட்டில் சந்தோசம், நண்பர்களிடையே ஜாலி, சற்றே மிகுந்தால் குஷி. ‘மகிழ்ச்சி’ எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. அழைப்பிதழிலும் அலுவலக மடலிலும் ‘தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சி அடைகிறோம்’ என்று எழுதுவோர், அம்மகிழ்ச்சியை உண்மையில் அடைந்தனரா என்று எவரும் கேட்பதில்லை. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழியே சந்தோஷம், ஆனந்தம் ஆகியவற்றுக்கு மாற்றாக இச்சொல்லுக்கு எழுத்து வழக்கில் புதிய மதிப்பு வந்தது. சரியாக நூறாண்டு கழித்து, 2016இல் வெளிவந்த ‘கபாலி’ திரைப்படத்தில் ரஜினிகாந்த் அதனை ஒற்றைச் சொல் மறுமொழியாகச் சொல்ல, அது மீண்டும் பேச்சுக்குள் வந்தது. ஆனால் அங்கும் அது இன்பத்தைக் குறிக்கவில்லை. ‘சரி’, ‘நன்றி’, ‘கேட்டுக்கொண்டேன்’ என்னும் அளவில் நின்றது. காருக்கு ‘மகிழுந்து’ என்று பெயரிட்டவர்களும் இச்சொல்லில் ஐயத்துக்கு இடமான எதையும் கண்டிருக்க மாட்டார்கள்.

குடியோடு இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் சொல் வேறு. மதுவை ‘உற்சாக பானம்’ என்று இடக்கரடக்கலாக எழுதுவது இதழ்களின் வழக்கம். வடமொழி நாடக மரபில் வீரச் சுவைக்கு நிலைக்களனாகச் சொல்லப்படும் உற்சாகம், தமிழில் இன்று மதுக்கடை வாசலில் நிற்கிறது. மகிழ்ச்சியோ கறை எதுவுமின்றி அழைப்பிதழில் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலைமை ஏறத்தாழ மறுதலையாக இருந்தது என்பதை மறந்துவிட்டால் சில பாடல்கள் நமக்குக் கிடைக்காமலே போகும்.

அகராதிகள் இப்பொருளைத் தராமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) ‘மகிழ்’ என்பதற்கு இன்பத்தோடு கள்ளுண்ட களிப்பையும் பொருளாகக் காட்டுகிறது. குறை அகராதியில் இல்லை. அகராதியைத் திறக்காத நம் பழக்கத்தில் இருக்கிறது. அருஞ்சொல்லுக்கு அகராதி பார்க்கிறோம். அறிந்த சொல்லுக்குப் பார்ப்பதில்லை. ‘மகிழ்’ அறிந்த சொல்லாக இருப்பதே இங்குச் சிக்கல்.

மகிழாது ஈந்த மலையன்

மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுள் 123ஆம் பாடல் மிகச் சிறியது. காலையில் கள்ளுண்டு, அந்நாளின் அவையில் மகிழ்ந்திருக்கும்போது தேரை எடுத்துக் கொடுப்பது யார்க்கும் எளிது. மலையனோ மகிழாமலே தேர்களைக் கொடுத்தான். அத்தேர்கள் முள்ளூர் மலைமேல் விழும் மழைத்துளிகளினும் பல. பாடலின் கருத்து இவ்வளவே.

முதுகலை வகுப்பில் இப்பாடலை நடத்தியபோது மாணவர் ஒருவர், “ஐயா, மகிழாமல் கொடுத்தான் என்றால் மனமில்லாமல் கொடுத்தான் என்றுதானே பொருள்? அது எப்படிப் புகழாகும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ‘மகிழாது’ என்பதற்கு இன்றைய பொருளைக் கொண்டால் கபிலர் தம் புரவலனை நேரில் நின்று இகழ்ந்தவராகிறார். முகமலர்ச்சியின்றிக் கொடுப்பது கொடையாகாது என்பது தமிழ் மரபு. வள்ளுவரும் ஈதலில் பிறக்கும் இன்பத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறார். அம்மரபில் ‘இன்பமின்றிக் கொடுத்தவன்’ என்பதைவிடப் பெரிய வசை வள்ளலுக்கு இல்லை.

பாடலின் கட்டமைப்பே விடை தருகிறது. முதற்பகுதியில் கள், நாள்மகிழ், எளிமை ஆகிய மூன்றும் ஒரே தொடரில் வருகின்றன. பிற்பகுதியில் வரும் ‘மகிழாது’ அம்மூன்றையும் ஒருசேர மறுக்கிறது. ஆகவே அதன் பொருள் ‘கள்ளின் கிளர்ச்சி ஏறாத நிலையில்’ என்பதே. ‘நிதானத்தில் கொடுத்தான்’ என்று இன்று ஊர்ப்புறத்தில் சொல்வார்களே, அதுதான் கபிலரின் ‘மகிழாது’. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்னும் பழமொழியின் நியாயமும் இதுவே. மயக்கத்தில் கொடுத்தவன் தெளிந்தபின் அதற்கு உடன்படுவானா என்பது தெரியாது. தெளிவில் கொடுத்தவனின் கொடைக்கு அவனே பொறுப்பு.

ஒரு சொல்லின் பொருளை உறுதிசெய்ய அதன் எதிர்மறை வடிவம் பெரிதும் உதவும். உடன்பாட்டு வடிவத்தில் இருபொருளும் கலந்து நிற்க இடமுண்டு. எதிர்மறையில் புலவர் எதனை நீக்குகிறார் என்பது வெளிப்பட்டுவிடும். ‘மகிழாது’ என்று கபிலர் நீக்குவது கள்ளின் ஏற்றத்தை; உள்ளத்தின் நிறைவை அன்று.

இதனை அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 121ஆம் பாடலோடு சேர்த்து வாசிக்க வேண்டும். எல்லாத் திசையிலிருந்தும் பரிசிலர் வருகின்றனர். பெரிதாகக் கொடுப்பது எளிது, அவரவர் தகுதியை அறிவதே அரிது. புலவரிடத்தில் பொதுநோக்கு வேண்டா என்று அப்பாடல் அறிவுறுத்துகிறது. இரண்டு பாடல்களிலும் ‘எளிது’ என்னும் மதிப்பீடு ஈகையின்மேல் விழுகிறது. முன்னதில் தகுதியறியாக் கொடை எளிது; பின்னதில் மயக்கத்தில் தரும் கொடை எளிது. கபிலர் அளவைப் பாராட்டுபவர்போலத் தோன்றினாலும் (மழைத்துளியினும் பல தேர்கள் என்பது அளவுதானே), அவர் எடைபோடுவது கொடுப்பவனின் அறிவு விழித்திருக்கிறதா என்பதையே. ‘மகிழாது’ என்பதைத் தவறாக வாசிப்பவர் ஒரு சொல்லை மட்டும் இழக்கவில்லை. கொடை பற்றிக் கபிலர் கொண்டிருந்த கோட்பாட்டையே இழக்கிறார்.

நாள்மகிழ் இருக்கை

கபிலரின் பாடலில் வரும் ‘நாள்மகிழ்’ தனியாட்சி அன்று. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய 29ஆம் புறப்பாட்டில் ‘நாள்மகிழ் இருக்கை’ என்னும் தொடர் வருகிறது. பாணர் சூழ்ந்திருக்கும் காலை அவை அது. உரைகள் இதனை ‘நாளோலக்கம்’ என்று விளக்கும். விளக்கம் சரியே, ஆயினும் ‘ஓலக்கம்’ என்றவுடன் அரியணை, அமைச்சர், வழக்கு ஆகியன நம் மனக்கண்முன் வருகின்றன. மூலத்தில் இருப்பது பாட்டும் பரிசிலும் நறவும் கலந்த கூட்டம். ‘நாள்’ காலைப்பொழுதைக் குறிக்க, ‘மகிழ்’ அங்கு நிகழ்வதைக் குறிக்கிறது. உரையின் சொல் மாறியபோது காட்சியும் மாறிவிட்டது.

பட்டினப்பாலையில் இன்னும் தெளிவான ஆட்சி ஒன்றுண்டு. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இரவில் பட்டை நீக்கித் துகில் உடுப்பதையும், மட்டினை விடுத்து மதுவை அருந்துவதையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அடுத்தடுத்துச் சொல்கிறார். அங்கே அருந்துதலைக் குறிக்கும் வினை ‘மகிழ்தல்’. மது அதற்குச் செயப்படுபொருளாக நிற்கிறது. துகிலுக்கு உடுத்தல் போல மதுவுக்கு மகிழ்தல். உண்ணும் வினைக்கும் அதன் பயனுக்கும் ஒரே சொல் என்பது இவ்விடத்தில் ஐயத்துக்கு இடமின்றி விளங்குகிறது.

இத்தனையும் சொன்னபின், மகிழ் என்றாலே கள் என்று முடித்துவிடுவது மற்றோர் எல்லைக்குப் போவதாகும். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஒளவையார் பாடிய 235ஆம் புறப்பாட்டைப் பார்க்கலாம். கள் சிறிதே கிடைத்தால் அதனை எமக்கே கொடுத்துவிடுவான். பெரிதாகக் கிடைத்தால் யாம் பாட, தான் மகிழ்ந்து உண்பான். இனி அது இல்லை என்று புலவர் கலங்குகிறார். இங்கு ‘மகிழ்ந்து’ என்பதைக் கிளர்ச்சி என்றும் கொள்ளலாம், உள நிறைவு என்றும் கொள்ளலாம். இரண்டையும் பிரித்தால் பாடல் கெடும். கள்ளும் பாட்டும் உடனிருந்தவரின் நட்பும் ஒன்றாகி எழுந்த நிலை அது. அந்நிலைக்குத் தமிழில் அன்று இருந்த பெயர் ‘மகிழ்’. அதியமான் மகிழ்ந்து உண்டான் என்பதும் புகழ், காரி மகிழாது ஈந்தான் என்பதும் புகழ். கள்ளைப் பழிக்கும் நோக்கம் எந்தப் புலவருக்கும் இல்லை. உண்ணும்போது மகிழ் வேண்டும், கொடுக்கும்போது அது வேண்டா என்பதே வேறுபாடு.

எப்பொருள் முந்தியது, எது பிந்தியது என்னும் கேள்விக்கு இச்சான்றுகளைக்கொண்டு விடைசொல்ல இயலாது. உள்ளத்தின் இன்பம் கள்ளுக்குப் பெயராயிற்றோ, கள்ளின் ஏற்றம் உள்ளத்துக்குப் பெயராயிற்றோ, இரண்டும் சங்கப் பாடல்களில் ஏற்கெனவே உடனிருக்கின்றன. மகிழமரத்தைச் சான்றுக்கு இழுப்போரும் உண்டு. மகளிர் வாயிலிருந்து உமிழும் மதுவால் வகுளம் பூக்கும் என்னும் வடமொழிக் கவிமரபைக் காட்டி, மகிழுக்கும் மதுவுக்கும் மரத்தின் வழியே உறவு கற்பிக்கலாம். சுவையான ஒப்புமைதான்; ஆனால் அது வடமொழி மரபின் செய்தி. தமிழ்ச் சொல்லின் பொருள் வரலாற்றுக்கு அதனைச் சான்றாக்க இயலாது.

மகிழ்நன்

மருதத் திணைத் தலைவனுக்கு ‘மகிழ்நன்’ என்பது பெயர். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருத நூறு முழுதும் ‘மகிழ்ந’ என்னும் விளி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. விளிப்பவர் தலைவியும் தோழியும், சில இடங்களில் பரத்தையும். சூழல் பெரும்பாலும் ஊடல். பரத்தையிடமிருந்து மீளும் கணவனை ‘மகிழ்ந’ என்று அழைக்கையில், ‘மகிழ்ச்சி தருபவனே’ என்று பொருளுரைப்பது எவ்வளவு பொருந்தும்? அங்கே மகிழ்ந்திருப்பவன் அவன் ஒருவனே. சூழலை நோக்க, பிறர்க்கு மகிழ் தருபவன் என்பதினும் தான் மகிழ்ந்து திரிபவன் என்பதே இயைகிறது. விளியில் சிறிது குத்தல் இருக்கிறது என்பது என் கருத்து. நூறு பாடல்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தே இதனை முடிவாகச் சொல்ல முடியும். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

மெய்ப்பாட்டு ஆய்வுகளில் நேரும் கலப்பு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக ‘உவகை’யை வைத்து, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கினை அதற்கு நிலைக்களன்களாக்குகிறது. உரியியலும் ‘உவப்பு’ என்பதற்கு உவகையையே பொருளாகத் தருகிறது. சங்க நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் எண்வகை மெய்ப்பாடுகளைத் தேடும் ஆய்வேடுகளில் ‘மகிழ்’ வரும் இடமெல்லாம் உவகைக்குச் சான்றாக அடுக்கப்படுவதைக் காண்கிறோம். சொல்லடைவைத் திறந்து, ‘மகிழ்’ உள்ள வரிகளைப் பெயர்த்து, ‘இதில் உவகை என்னும் மெய்ப்பாடு பயின்றுவந்துள்ளது’ என்று எழுதிவிட்டு அடுத்த மெய்ப்பாட்டுக்குப் போவது எளிதாக இருக்கிறது. ‘மகிழாது ஈத்த’ தேர்கள் அத்தகைய பட்டியலில் எங்கே சேரும்? உவகையின்மைக்கா?

மெய்ப்பாடு உடலில் வெளிப்படுவது, கண்டோர்க்குப் புலனாவது. அதனைச் சூழலில் வைத்தே அறிய முடியும். சொல்லைக்கொண்டு மெய்ப்பாட்டைத் தீர்மானிப்பது தொல்காப்பியத்துக்கும் உடன்பாடு அன்று. ‘மகிழ்’ என்னும் சொல்லே இல்லாத பாடலில் உவகை பொங்கலாம். அச்சொல் இருக்கும் பாடலில் கள் மட்டுமே பொங்கியிருக்கலாம்.

அரசனின் மகிழ்ச்சி

திருக்குறளின் 54ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமையில் ‘மகிழ்ச்சி’ இரண்டு குறள்களில் வருகிறது. முதற்குறள் (531), மிக்க உவகை மகிழ்ச்சியால் வரும் சோர்வு எல்லை கடந்த வெகுளியினும் தீது என்கிறது. ஒன்பதாம் குறள் (539), தம் மகிழ்ச்சியில் ஒருவர் மிதப்புறும்போது, முன்பு அவ்வாறு மறதியால் கெட்டவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

முதற்குறளில் ‘உவகை’, ‘மகிழ்ச்சி’ ஆகிய இரண்டும் ஏன் அடுத்தடுத்து வருகின்றன? இரண்டும் ஒருபொருளன என்றால் ஏழு சீருக்குள் ஒரு சீர் வீணாகிறது. சொற்சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற நூலில் அதனை மீமிசைச் சொல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பரிமேலழகர் இத்தொடரை உவகையால் வரும் களிப்பு என்று விரிக்கிறார். அதாவது உவகை காரணம். மகிழ்ச்சி அதன் விளைவாகிய மயக்கம். செல்வமும் வெற்றியும் அரசனுக்கு உவகை தருகின்றன. அவ்வுவகை கள்போல் தலைக்கேறுகிறது. ஏறியபின் காவலை மறக்கிறான். இவ்வாறு கொண்டால் இரு சொல்லும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. உவகையை வள்ளுவர் இயல்பாகவே தீதென்று கொள்ளவில்லை என்பதற்கு, அரசனின் குற்றங்களைச் சொல்லும் 432ஆம் குறளில் ‘மாணா’ என்னும் அடையை முன்வைத்தே உவகையைக் குற்றமாக்குவதும் சான்று.

மு. வரதராசனாரின் தெளிவுரை இக்குறளை, பெரிய உவகையால் மகிழ்ந்திருக்கும்போது நேரும் மறதி என்ற அளவில் கொள்கிறது. எளிய நடையில் பலரையும் எட்டிய உரை அது. அதன் பயன் பெரிது. ஆயினும் அவ்வுரையைப் படிக்கும் இன்றைய வாசகர், மகிழ்ச்சியாக இருப்பதே தவறா என்று மருள்வதற்கு இடமுண்டு. வள்ளுவர் கண்டிப்பது மனிதனின் மகிழ்ச்சியை அன்று. நலங்கிள்ளியின் பாட்டில் வாழ்த்தாக வந்த நாள்மகிழ் இருக்கையைப் பொருட்பாலின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தோன்றுமோ அதுவே 54ஆம் அதிகாரத்தின் மகிழ்ச்சி. பாணர் பார்வையில் வள்ளன்மை. அறநூலார் பார்வையில் சோர்வு. சொல் மட்டும் ஒன்று.

களியும் மகிழும்

அதே தெளிவுரை காமத்துப்பாலில் எவ்வாறு நடக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. 1090ஆம் குறளில், உண்டாரிடத்தில் அன்றிக் கண்டாரிடத்தில் நறவு மகிழ்செய்வதில்லை என்னும் இடத்தில், மு.வ. ‘மகிழ்’ என்பதை மயக்கம் என்று பெயர்க்கிறார். 1201ஆம் குறளில், நினைத்தாலும் தீராத பெருமகிழ் தருவதால் காமம் கள்ளினும் இனிது என்னும் இடத்தில் அதனையே மகிழ்ச்சி என்கிறார். இரண்டிலும் ஒப்புமைப் பொருள் கள்தான். ஒரே சொல், ஒரே ஒப்புமை, இருவேறு பொருள். இதனை முரண்பாடு என்று குறைகூற மாட்டேன். தற்காலத் தமிழில் இரண்டையும் தாங்கும் ஒற்றைச் சொல் இல்லாததால் உரையாசிரியர் ஒவ்வோரிடத்திலும் ஒரு பாதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை இவ்விரு குறள்களோடு ஒப்பிட்டபோது எனக்கு ஒரு செய்தி வியப்பளித்தது. கள்ளைப் பற்றியே பேசும் அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களில் ‘மகிழ்’ ஒருமுறையும் இல்லை. அங்கெல்லாம் வருவது ‘களி’. பெற்ற தாயின் முகத்திலும் இன்னாததாகும் களி. களித்து அறியேன் என்று பொய் சொல்பவன். களித்தவனைக் காரணம் காட்டித் தெளிவிக்க முயலும் வீண்வேலை. தான் கள்ளுண்ணாதபோது களித்தவனைக் காணும் குடிகாரன். காமத்துப்பாலிலும் உண்மையான குடியனை உவமையாக்கும்போது வள்ளுவர் ‘களி’யையே ஆள்கிறார்: அலரைப் பேசும் 1145ஆம் குறளில் களிக்குந்தோறும் கள்ளை விரும்புபவன், 1288ஆம் குறளில் களித்தார்க்குக் கள். சங்கப் புலவர் ‘மகிழ்’ என்ற ஒரே சொல்லில் அடக்கியதை வள்ளுவர் இரண்டாகப் பிரிக்கிறார். குடியும் அதன் பழியும் களிக்கு. கள்ளோடு ஒப்பிட்டுக் கள்ளினும் மேலாக உயர்த்தப்படும் காமத்தின் கிளர்ச்சி மகிழுக்கு.

1281ஆம் குறள் இவ்விரண்டையும் ஒரே அடியில் வைக்கிறது. நினைத்த அளவில் களித்தலும் கண்ட அளவில் மகிழ்தலும் கள்ளுக்கு இல்லை, காமத்துக்கு உண்டு. பரிமேலழகர் இங்கு இவ்விரண்டையும் உணர்வின் நிலையைக்கொண்டு வேறுபடுத்திக் காட்டுகிறார். கள்ளுண்டவனின் இருநிலைகளை அறிந்தவர் போலவே எழுதியிருக்கிறார். முதலில் ஏறும் கிளர்ச்சி, பின்னர் இறங்கும் அழிவு.

இதில் ஒரு தடை எழும். களித்தலையும் மகிழ்தலையும் 1281இல் வேறுபடுத்திய அவ்வுரையாசிரியரே, 531இல் மகிழ்ச்சியைக் களிப்பு என்று விளக்குகிறார். தமக்குத் தாமே மாறுபடுகிறாரா? அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. 1281இல் இரு சொல்லும் எதிரெதிரே நிற்பதால் வேறுபாடு சொல்லியாக வேண்டும். 531இல் மகிழ்ச்சிக்கு அருகில் நிற்பது உவகை. அடுத்து வருவது சோர்வு. மறதியை விளைவிக்கும் மகிழ்ச்சி உணர்வு நின்ற மகிழ்ச்சியாக இருக்க இயலாது. பரிமேலழகர் சொல்லுக்கு நிலைபேறான பொருள் ஒன்றை முன்கூட்டி வைத்துக்கொண்டு உரை எழுதவில்லை. அருகில் நிற்கும் சொல்லைப் பார்த்து எழுதினார். நம் பதவுரைகள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பழக்கத்தை. புறநானூற்று 123ஆம் பாடலுக்குப் பாடநூலில் குறிப்பு எழுதுவோர் ‘மகிழாது - மகிழ்ச்சியடையாமல்’ என்று எழுதாமல் ‘கள்ளின் மயக்கமின்றி’ என்று எழுதினால் போதும். மாணவரின் கேள்விக்கு விடை குறிப்பிலேயே இருக்கும்.

காமத்துப்பாலுக்கு வெளியே ‘மகிழ்’ வரும் இன்னொரு குறளையும் இங்குச் சேர்த்துப் பார்க்கலாம். இரவு என்னும் அதிகாரத்தின் ஏழாம் குறள் (1057), இகழாமலும் எள்ளாமலும் கொடுப்பவரைக் கண்டால் இரப்பவரின் உள்ளம் மகிழ்ந்து உள்ளுக்குள்ளே உவக்கும் என்கிறது. மீண்டும் மகிழும் உவப்பும் அடுத்தடுத்து. ஆயினும் 531இல் உவகை முன்னும் மகிழ்ச்சி பின்னும் நின்றன. இங்கு மகிழ் முந்துகிறது, உவப்பு அதற்கும் உள்ளே போகிறது. அரசனிடத்தில் உவகை வெளியே வழிந்து மயக்கமாகிறது. இரவலனிடத்தில் கண்டவுடன் எழுந்த மகிழ் உள்ளே இறங்கி உவப்பாகிறது. அன்றியும் இக்குறளில் மகிழை எழுப்புவது காணுதல். 1090இல் ‘கண்டார்’, 1281இல் ‘காண’, இங்குக் ‘காணின்’. கள் உண்டால்தான் மகிழ் தரும். காதலியையும், முகம் சுளிக்காமல் கொடுப்பவனையும் கண்டாலே போதும். கபிலர் கொடுப்பவனிடமிருந்து நீக்கிய மகிழை வள்ளுவர் பெறுபவனிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.